இலை அச்சில் வளையும் அழுத்த சென்சார்: பறிப்பது முதல் துணியில் தைப்பது வரை

"இலையோட அச்சு எடுத்து சென்சார் பண்ணலாமுங்களா?" கோவை, ஈரோடு பக்கத்துக் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் செய்பவர்கள் கேட்கும் கேள்வி இது. பண்ணலாம். சேப்பங்கிழங்கு இலை, இரண்டு பாகமாக வரும் சிலிகோன் ரப்பர், கொஞ்சம் கார்பன் தூள், ஒரு ஆர்டுயினோ (சென்சாரின் ரீடிங்கைப் படிக்கும் சிறு மின்னணுப் பலகை) போதும். ஆனால் பெரும்பாலோர் ஆர்டுயினோவில் தொடங்கி இலைக்கு வருகிறார்கள். கடைசியில் ரீடிங் குதிக்கும்போது கோளாறு புரோகிராமிலா, கார்பனிலா, அச்சிலா என்று கண்டுபிடிக்க வழி இருக்காது. கீழே உள்ள வரிசையில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சோதனை வருகிறது. அதில் தேறாமல் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டாம்.

1. எதை அளக்கப் போகிறீர்கள்?

இயற்கையில் எந்த அமைப்பைப் பின்பற்றுவது என்பது இந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்தது. இலையின் நுண்மேடுகள் லேசான அழுத்தத்துக்குப் பொருந்தும். மிகச் சிறிய இழுவையை அளக்க வேண்டுமென்றால் சிலந்தியின் காலில் உள்ள பிளவு உறுப்பைப் பார்த்துச் செய்யும் விரிசல் சென்சார்தான் சரி. மெல்லிய உலோகப் படலத்தில் வேண்டுமென்றே விரிசல் விட்டு, இழுக்கும்போது விரிசல் திறந்து மின்தடை ஏறுவதை அளப்பார்கள். எவ்வளவு இழுத்தாலும் ரீடிங் மாறக் கூடாத இணைப்புக் கம்பிக்குப் பாகற்கொடிச் சுருள் நல்ல மாதிரி.

இந்த வழிகாட்டி இலை மேட்டுக்கு மட்டும். மெல்லத் தொடும் விரல் தரும் அழுத்தம் 10 கிலோ பாஸ்கலுக்குக் கீழே இருக்கும். இலை அச்சு நன்றாக வேலை செய்வது அந்த எல்லைக்குள்தான். நடக்கும்போது குதிகாலில் பல நூறு கிலோ பாஸ்கல் வரும். செருப்புக்குள் வைக்க இலை அச்சைத் தேர்ந்தெடுத்தால் முதல் அடியிலேயே மேடுகள் முழுக்க நசுங்கி, அதற்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் ஒரே ரீடிங்தான் காட்டும். அதற்குச் சொரசொரப்பான உப்புத்தாளில் அச்செடுப்பது மேல்.

மேடு எதற்கு என்பதையும் இங்கேயே தெரிந்துகொள்ளுங்கள். ரப்பர் எளிதில் கன அளவு குறையாது. அழுத்தினால் அது நகர இடம் வேண்டும். தட்டையான சிலிகோன் தகட்டின் மேல் 10 கிலோ பாஸ்கல் வைத்தால் அது ஒரு சதவீதம்கூடச் சுருங்காது. மேடுகள் இருந்தால் அவற்றுக்கு இடையே உள்ள பள்ளத்தில் ரப்பர் நகரலாம். மேட்டின் நுனி தட்டையாகித் தொடும் பரப்பு கூடும், மின்தடை இறங்கும். சென்சார் அளப்பது அந்தத் தொடுபரப்பைத்தான்.

2. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

பிளாட்டினம் வகை சிலிகோன் (பிளாட்டினம் வினையூக்கியால் இறுகுவது; ஆய்வகங்களில் சில்கார்ட் 184 அதிகம் புழங்குகிறது), 0.01 கிராம் வரை காட்டும் தராசு, நைட்ரைல் கையுறை, மாஸ்க், கண்ணாடித் தகடு, இருபக்க டேப், மின்கடத்தும் கார்பன் பிளாக், ஐசோபுரோபைல் ஆல்கஹால், ஏர்பிரஷ், காப்பர் டேப், மல்டிமீட்டர். 100 டிகிரியில் நிலையாக நிற்கும் ஹாட் ஏர் ஓவன் வேண்டும். துணிச் சோதனை ஆய்வகம் உள்ள கல்லூரிகளில் இது பெரும்பாலும் இருக்கும். சாப்பாட்டு ஓவனில் செய்ய வேண்டாம்.

தராசில் மிச்சம் பிடிக்காதீர்கள். சில்கார்ட் 184-இன் கலவை விகிதம் எடையில் 10-க்கு 1. பதினோரு கிராம் கலக்கும்போது கடினமாக்கி ஒரே ஒரு கிராம்தான். மளிகைக் கடைத் தராசில் அந்த ஒரு கிராம் முக்காலாகவும் இருக்கலாம், ஒன்றேகாலாகவும் இருக்கலாம். நகைக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் சிறு தராசு போதும்.

சிலைக்கு அச்செடுக்கும் வெள்ளை சிலிகோன் மலிவாகக் கிடைக்கும். அதில் பெரும்பாலும் தகரம் கலந்த வினையூக்கி இருக்கும். எதிர் அச்சை (இலையின் மேல் ஊற்றி எடுக்கும் முதல் அச்சு) அதில் எடுத்து, அதிலிருந்து எடுக்கும் பிரதியைப் பிளாட்டினம் வகையில் ஊற்றினால் ஒட்டும் பரப்பு இறுகவே இறுகாது. தகரம் பிளாட்டினத்தின் வேலையைக் கெடுக்கும். கந்தகமும் அப்படித்தான். பால் நிற லேடெக்ஸ் கையுறை, ரப்பர் பேண்ட், சில வகை மாடலிங் களிமண் எதுவும் மேசையில் இருக்கக் கூடாது.

3. இலையைப் பறிப்பது

தாமரை இலை நல்லதுதான், ஆனால் குளத்தில் இறங்க வேண்டும். பூ மார்க்கெட்டில் பூ வரும், இலை கிடைக்காமல் போகலாம். சேப்ப இலை காலிங்கராயன் வாய்க்கால் மாதிரி ஈரம் நிற்கும் இடங்களில் எளிதில் வளரும். அதன் மேற்பரப்பிலும் பத்து, இருபது மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் மேடுகளும் அவற்றின் மேல் மெழுகுத் துகள்களும் உண்டு. வாழை இலையை எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். அதில் இருப்பவை நீள வரிகள், தனித்தனி மேடுகள் அல்ல. ஒரு திசையில் ஒரு மாதிரியும் மறு திசையில் வேறு மாதிரியும் ரீடிங் வரும். முதல் முறைக்கு வேண்டாம்.

மருந்தடித்த வயலின் இலையைத் தொடாதீர்கள். நனையும் கந்தகத் தூள் பூஞ்சைக்கும் சிலந்திப் பேனுக்கும் பரவலாக அடிக்கும் மருந்து. இலையில் கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் சிலிகோன் பிசுபிசுவென்று நின்றுவிடும். வீட்டுக் கொல்லையில் தானாக முளைத்தது உத்தமம்.

பனி உலர்ந்த பிறகு தண்டோடு அறுத்து, தண்டைத் தண்ணீரில் வைத்தே எடுத்து வாருங்கள். வாடிய இலையில் மேடுகளும் சேர்ந்து சுருங்கியிருக்கும். சேப்பஞ் சாறு கையில் பட்டால் அரிக்கும், கையுறை போடுங்கள். இலையின் மேல்பக்கத்தை விரலால் தடவவே கூடாது. தடவிய இடத்தில் மெழுகு போய் லேசாக மினுங்கும், அந்த இடம் வீண். தூசி இருந்தால் மேலே தண்ணீரை ஊற்றினால் போதும், அது உருண்டோடும்போதே தூசியை எடுத்துப் போய்விடும். துடைக்க வேண்டாம்.

நடு நரம்பும் கிளை நரம்பும் இல்லாத இடமாகப் பார்த்து 5 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, மேல்பக்கம் மேலே இருக்கும்படி இருபக்க டேப்பால் கண்ணாடியில் ஒட்டுங்கள். ஓரம் தூக்கிக்கொண்டு நின்றால் சிலிகோன் அடியில் புகுந்து இலையை மிதக்க வைத்துவிடும்.

4. எதிர் அச்சு

சிலிகோனை 10:1-இல் எடைபோட்டு ஐந்து நிமிடமாவது கலக்குங்கள். ஓரத்தையும் அடியையும் சுரண்டிக் கலக்க வேண்டும். பாதி இறுகி பாதி ஒழுகும் அச்சுகளுக்குக் காரணம் பெரும்பாலும் கிண்ணத்தின் ஓரத்தில் கலக்காமல் நின்ற பாகம்தான்.

காற்றை ஊற்றுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். வேக்கூம் பம்ப் இருந்தால் நுரை பொங்கி அடங்கும் வரை வையுங்கள். இல்லையென்றால் அரை மணி நேரத்துக்கு மேல் மூடி வைத்து, மேலே நிற்கும் குமிழியை ஊசியால் குத்தலாம். இலையில் ஊற்றிய பிறகு வேக்கூமில் வைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. உயிருள்ள இலையின் துளைகளிலிருந்து காற்றும் ஈரமும் வெளியே வந்து, சரியாக அச்சுப் பதியும் பரப்பிலேயே குமிழி கட்டும்.

தண்ணீர் ஒட்டாத இலையில் சிலிகோன் மட்டும் எப்படிப் பரவும் என்று கேட்பார்கள். அதன் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மெழுகின் மேலும் அது பரவிவிடும். ஒரு மூலையில் மெல்லிய நூல்போல ஊற்றி, தானாக மறுமூலைக்குப் போக விடுங்கள். நடுவில் கொட்டினால் காற்று அடியில் மாட்டும். கனம் 2, 3 மில்லிமீட்டர் இருக்கட்டும், மெலிதாக இருந்தால் உரிக்கும்போது வளைந்து கிழியும்.

சூடு காட்டக் கூடாது. சில்கார்ட் அறை வெப்பத்தில் முழுதாக இறுக ஏறக்குறைய 48 மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு 80 டிகிரியில் வைத்தால் இலை வெந்து ஆவி கிளம்பும். அறை வெப்பத்தில் இலை வாடும், ஆனால் அதற்கு முன்பே சிலிகோன் உறைந்து வடிவத்தைப் பிடித்திருக்கும்.

நம்ம ஊரில் இந்த இரண்டு நாளும் மூடி இல்லாமல் வைக்க முடியாது. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் மாதங்களில் ஜன்னல் சாத்தியிருந்தாலும் புழுதி இறங்கும். திருப்பூரில் காற்றிலேயே பஞ்சு மிதக்கிறது. அச்சில் விழும் ஒரு பஞ்சு இழை, ஏறக்குறைய இலையின் ஒரு மேட்டளவு பருமன் இருக்கும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள்.

இறுகியதும் ஓரத்திலிருந்து உரியுங்கள். இலைத் துணுக்கு ஒட்டியிருந்தால் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவலாம், பிரஷ் போட வேண்டாம். இப்போது உங்களிடம் இருப்பதில் மேடு இருந்த இடத்தில் பள்ளம் இருக்கும்.

5. எதிர் அச்சை முற்ற வைப்பது

பலர் இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அடுத்து ஊற்றப் போவதும் சிலிகோன்தான். சிலிகோன் மேல் சிலிகோன் ஊற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும், கத்தியால்கூடப் பிரிக்க முடியாது. அச்சின் பரப்பில் இன்னும் வினை முடியாத இடங்கள் மிச்சமிருந்து, புதிய சிலிகோனோடு கை கோத்துக்கொள்வதுதான் காரணம்.

அச்சை ஓவனில் 100 டிகிரியில் 48 மணி நேரம் வையுங்கள். அந்த இடங்கள் தீர்ந்துபோகும். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் சில துளி கலந்த தண்ணீரில் முக்கி, நிற்க வைத்து உலர்த்துங்கள். திரவம் கெட்டியாக இருந்தால் பள்ளங்களை அதுவே நிரப்பிவிடும். சோப்பு மட்டும் போதாதா என்று ஓவனைத் தவிர்க்காதீர்கள். ஏழாவது கட்டத்தில் தெளிக்கும் ஆல்கஹால் சோப்புப் படலத்தைக் கொஞ்சம் கரைக்கும். அப்போது அச்சைக் காப்பாற்றுவது இந்த 48 மணி நேரம்தான்.

6. கார்பன் இல்லாத சோதனைப் பிரதி

கார்பனைத் தொடுவதற்கு முன் வெறும் சிலிகோனில் ஒரு பிரதி எடுங்கள். இப்போது இலை இல்லை, 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைக்கலாம். உரித்து, சோப்புப் போக நன்றாகக் கழுவி, உலர்த்துங்கள்.

சிரிஞ்சால் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். பக்கத்திலேயே தட்டையான சிலிகோன் துண்டில் இன்னொரு சொட்டு. தட்டையானதில் சொட்டு அரை உருண்டையைவிடக் கொஞ்சம் எழும்பி, அடிப்பாகம் அகலமாக உட்காரும். நல்ல பிரதியில் அது ஏறக்குறைய முழு உருண்டையாக எழுந்து, அடி குறுகி, வெளிச்சத்தில் ஓரமெல்லாம் மினுங்கும். இரண்டு சொட்டும் ஒரே மாதிரி இருந்தால் மேடுகள் பதியவில்லை, மூன்றாவது கட்டத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். தாவரவியல் துறையில் 400 மடங்கு மைக்ராஸ்கோப் கிடைத்தால் மேடுகளை நேரிலேயே பார்க்கலாம். மெழுகின் நானோ நுணுக்கம் பதிந்ததா என்று கவலைப்பட வேண்டாம். இந்த சென்சாருக்கு மைக்ரான் அளவு மேடு போதும்.

7. கார்பனை அச்சில் தெளித்துப் பிரதிக்கு மாற்றுவது

முடிந்த பிரதியின் மேல் கார்பன் பூசுவது எளிதாகத் தோன்றும். ஆனால் நாலு முறை வளைத்தால் உதிரும், விரலெல்லாம் கறுப்பாகும். மாறாக அச்சில் முதலில் கார்பனைத் தெளித்து, அதன் மேல் சிலிகோனை ஊற்றினால், சிலிகோன் துகள்களுக்கு இடையே புகுந்து பிடித்து, உரியும்போது கார்பனையும் தன்னோடு எடுத்து வரும்.

100 மில்லி ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் அரை கிராம் கார்பன் பிளாக். மூக்குக் கண்ணாடி கழுவும் அல்ட்ராசோனிக் கருவியில் அரை மணி நேரம் வைத்தால் கட்டி உடையும். தண்ணீரில் கரைக்காதீர்கள், சிலிகோன் மேல் தண்ணீர் முத்து முத்தாக ஒதுங்கி நிற்கும். ஆல்கஹால் பரவும், சீக்கிரம் ஆறும். பக்கத்தில் அடுப்போ சுவிட்ச் பொறியோ கூடாது. மாஸ்க் கட்டாயம்.

ஒரு சாண் தள்ளி நின்று மெல்லிய பூச்சாகத் தெளித்து, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. சலூன் ஸ்பிரே பாட்டில் வேண்டாம், பெரிய சொட்டு விழுந்து திட்டுத் திட்டாகும். இரண்டு ஓரத்திலும் காப்பர் டேப் துண்டை மெல்ல அழுத்தி மல்டிமீட்டரில் பாருங்கள். சில கிலோ ஓம் வந்ததும் நிறுத்துங்கள். சிலிகோன் புகுந்த பிறகு மின்தடை இன்னும் ஏறும், அதற்கு இடம் விட வேண்டும். அதற்காக நிறையத் தெளிப்பதும் தப்பு. கார்பன் பள்ளத்தை நிரப்பினால், நசுங்கும்போது ரப்பர் நகர இடமிருக்காது.

இதன் மேல் காற்று எடுத்த சிலிகோனை அரை மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்றுங்கள். 5 சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஏறக்குறைய 1.3 கிராம். 80 டிகிரி, இரண்டு மணி நேரம். உரித்தபின் அச்சு சுத்தமாகவும் பிரதி கறுப்பாகவும் இருந்தால் சரி.

8. எலக்ட்ரோடு

எலக்ட்ரோடு என்பது சென்சாரிலிருந்து மின் தொடர்பை எடுக்கும் உலோகப் பட்டை. ஓஎச்பி ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) காப்பர் டேப் ஒட்டி, இரண்டு சீப்புகள் பல்லோடு பல் கோத்தாற்போல பிளேடால் வெட்டுங்கள். பல் அகலமும் இடைவெளியும் ஒரு மில்லிமீட்டர். வெட்டிய ஓரத்தில் பிசிறு நின்றால் தேய்த்துவிடுங்கள், அது கார்பனைக் குத்திக்கொண்டு எப்போதும் தொட்டபடியே இருக்கும். பிரதியை வைப்பதற்கு முன் இரண்டு சீப்புக்கும் இடையே மல்டிமீட்டர் எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது.

துணியிலேயே எலக்ட்ரோடு வேண்டுமென்றால் வெள்ளி பூசிய நைலான் நூல். எம்ப்ராய்டரி மெஷினில் அதைப் பாபினில் போடுங்கள். மேல் நூலாகப் போட்டால் ஊசிக் கண்ணில் உரசி இழை பிரியும்.

பனியன் துணியில் நேராகத் தைக்கத்தான் திருப்பூரில் எல்லோருக்கும் ஆசை. எம்ப்ராய்டரி யூனிட்டில் ஒரு மாஸ்டர் மாணவர்களிடம் சொன்னதுதான் சரி: "பின்னல் துணி இழுத்த பக்கமெல்லாம் வருமுங்க. மொதல்ல நெசவுத் துணியில போட்டு, அதைக் கொண்டாந்து ஒட்டுப் போடுங்க." துணி நீளும்போது பற்களின் இடைவெளி மாறும். அழுத்தம் எது, இழுவை எது என்று பிரிக்கவே முடியாது. சென்னிமலைப் போர்வைத் துணி மாதிரி நெருக்கமான நெசவில் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள்.

9. அடுக்கி மூடுவது

பிரதியை 1 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, கறுப்புப் பக்கம் சீப்பின் மேல் படும்படி கவிழ்த்து வையுங்கள். சுற்றிலும் மெல்லிய டேப். டேப் தடித்தால் மேடு எலக்ட்ரோடைத் தொடவே சிறிது அழுத்தம் தேவைப்படும், அதற்குக் கீழ் உள்ளதெல்லாம் அளவில் வராது. ஒரு மூலையைக் காற்றுப் போக விட்டுவிடுங்கள். முழுக்க அடைத்தால் உள்ளே மாட்டிய காற்று வெயிலில் விரிந்து பிரதியைத் தூக்கும்.

10. சுற்று

இப்போதுதான் ஆர்டுயினோ. அதற்கு முன் வெறும் மல்டிமீட்டரில் இரண்டு எண் எடுங்கள்: அழுத்தாதபோது உள்ள மின்தடை, நீங்கள் அளக்க நினைக்கும் அதிகபட்ச அழுத்தத்தில் உள்ள மின்தடை. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் தொடராகப் போட வேண்டிய ரெசிஸ்டர் கிடைக்கும்.

உதாரணமாக 200 கிலோ ஓமும் 2 கிலோ ஓமும் என்றால் 20 கிலோ ஓம். சென்சாரை 5 வோல்ட் பக்கமும் ரெசிஸ்டரைத் தரைப் பக்கமும் வைத்தால், ஆர்டுயினோ ஊனோவின் 0 முதல் 1023 வரையிலான அளவில் ஏறக்குறைய 93-இலிருந்து 930 வரை ரீடிங் போகும். கையில் கிடைத்த 220 ஓம் ரெசிஸ்டரைப் போட்டால் அதே சென்சார் 1-க்கும் 101-க்கும் இடையிலேயே முடங்கிவிடும். சென்சார் சரியில்லை என்று தூக்கிப் போடப்பட்டவற்றில் பலவற்றுக்கு நோய் இதுதான்.

11. எடை வைத்து அளவு குறிப்பது

புது சென்சாரை முதலில் நூறு, இருநூறு முறை அழுத்தி விடுங்கள். ஆரம்பத்தில் மேடுகளும் கார்பன் துகள்களும் ஓர் இடத்தில் அமரும் வரை ரீடிங் நகர்ந்துகொண்டே இருக்கும்.

1 சென்டிமீட்டர் சதுர அக்ரிலிக் துண்டைச் சென்சார் மேல் வைத்து, அதன் மேல் சின்ன பிளாஸ்டிக் கப். துண்டு இல்லாமல் கப்பை நேராக வைத்தால் எடை எங்கே இறங்குகிறது என்று தெரியாது. சிரிஞ்சால் 10 மில்லி தண்ணீர் விட்டால் 10 கிராம், அது இந்தப் பரப்பில் ஏறக்குறைய 1 கிலோ பாஸ்கல். ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் விட்டு ரீடிங் எழுதுங்கள், சிலிகோன் மெதுவாக இறங்கும். கப்பும் துண்டும் எவ்வளவு எடை என்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஏற்றும்போது மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள். தண்ணீரை உறிஞ்சி இறக்கும்போதும் எழுதுங்கள். இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழாது. அந்த இடைவெளி எவ்வளவு சிறியதோ அவ்வளவு சென்சாரை நம்பலாம், வைவாவில் முதலில் கேட்பதும் அதைத்தான். கோடு ஆரம்பத்தில் செங்குத்தாக ஏறி, பிறகு படுக்கும். ஒரே எண்ணை உணர்திறன் என்று எழுத வேண்டாம், எந்த அழுத்தத்திலிருந்து எது வரை என்று சேர்த்து எழுதுங்கள்.

காலையில் ஒரு முறை, மதியம் மூன்று மணிக்கு ஒரு முறை வெறும் ரீடிங் பாருங்கள். சித்திரை வெயிலில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தால், ஆர்டுயினோ புரோகிராமின் தொடக்கத்திலேயே சுழியத்தைப் புதிதாக எடுக்கும் வரியைச் சேர்க்க வேண்டும்.

12. துணியில் தைப்பது

நெசவுத் துண்டின் மூன்று பக்கத்தை மட்டும் பனியனோடு தையுங்கள், நான்காவது பக்கம் தளர்ந்திருந்தால் அந்தத் திசையில் பனியன் நீளும் இழுவை சென்சாருக்கு வராது. ஊசி பிரதியைத் தொடாமல் அரை சென்டிமீட்டர் தள்ளி ஓட வேண்டும். கம்பியை நேர்கோட்டில் இழுக்காமல் பாம்பு மாதிரி வளைத்து வளைத்துத் தையுங்கள். வியர்வை படும் உள்பக்கத்துக்கு மெல்லிய சிலிகோன் தகடு ஒன்று தடுப்பாக இருக்கட்டும். அதை ஒட்டும்போது ஒன்பதாவது கட்டத்தில் விட்ட காற்று மூலையை அடைத்துவிடாதீர்கள்.

இணைப்புக்குச் சால்டரிங் செய்த கம்பியைவிட உலோக டிக் பட்டன் நல்லது. இரண்டு பட்டன், இரண்டு முனை. துவைக்கப் போடும்போது ஆர்டுயினோவையும் பேட்டரியையும் கழற்றி எடுத்துவிடலாம். வெள்ளி நூல் போட்டிருந்தால் பிளீச்சிங் பவுடர் பக்கமே போகக் கூடாது.